முதலில் ஹேஷைக் கொடுங்கள்

2010 ஆகஸ்ட் 15. இந்தியாவில் சுதந்திர தினத்து இரவு, மணி பத்தரையைத் தாண்டியிருந்தது. பிட்காயின் சங்கிலியில் 74638ஆம் பிளாக் வந்து சேர்ந்தது. அதிலிருந்த ஒரு பரிவர்த்தனை, அரை பிட்காயினை உள்ளே வாங்கிக்கொண்டு இரண்டு முகவரிகளுக்குத் தலா 9,200 கோடிக்கும் மேற்பட்ட பிட்காயினை வெளியே தள்ளியிருந்தது. மொத்தமே 2.1 கோடிக்கு மேல் உருவாகக் கூடாது என்று விதி வைத்துக்கொண்ட பணம் அது.

கொஞ்ச நேரத்தில் ஜெஃப் கார்சிக் என்ற நிரலாளர் மற்றவர்களுக்கு ஒரு செய்தி எழுதினார். இந்த எண்ணுள்ள பிளாக்கில் வெளியேறும் தொகை விநோதமாக இருக்கிறது என்று ஒரே வரி. அதற்குக் கீழே, தன் கணினி காட்டியபடியே பிளாக்கின் முழு விவரம். கடைசியில் ஓர் ஊகம்: 64 பிட்டுக்குள் அடங்கும் எண்ணின் உச்சவரம்போ இது? அவ்வளவுதான். படித்தவர்கள் தங்கள் கணினியிலேயே அந்த பிளாக்கைத் திறந்து பார்த்தார்கள். அவர் சொன்னது அங்கேயும் இருந்தது. சில மணி நேரத்தில் திருத்தம் தயாரானது. சதோஷி நாகமோட்டோ 0.3.10 பதிப்பை வெளியிட்டார். மறுநாள் 74691ஆம் பிளாக்கில் நல்ல சங்கிலி கெட்ட சங்கிலியை முந்தியது.

பிளாக்செயின் உலகில் இதுவரை கேட்கப்பட்ட கேள்விகளுக்குப் போட்டி வைத்தால் முதல் பரிசை இதற்கே கொடுக்கலாம். அந்தச் செய்தியைப் படித்த யாரும் கார்சிக்கை நம்ப வேண்டியிருக்கவில்லை என்பதுதான் அதன் அழகு. ஒரு வங்கியின் செயலி பழுதானால் உள்ளே என்ன நடந்தது என்பது வங்கிக்கு வெளியே எவருக்கும் தெரியாது. வாடிக்கையாளர் சொல்வதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். பொதுச் சங்கிலியிலோ சாட்சியம் ஏற்கெனவே எல்லோர் கணினியிலும் கிடக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்பவர் சுட்டிக் காட்டினால் போதும். அதைக்கூடச் செய்யாமல் கேட்கப்படும் கேள்விகள்தான் பதிலில்லாமல் அடியில் போய்விடுகின்றன.

மைசூருவிலிருந்து இந்தத் துறைக்குள் நுழைகிறவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஈத்இந்தியா என்ற பெரிய நிரலாக்கத் திருவிழா 2018இல் தொடங்கியது பெங்களூருவில். முதலீட்டாளர்கள், தொடக்க நிறுவனங்கள், வார இறுதிச் சந்திப்புகள் எல்லாம் அங்கேதான். பெங்களூருக்காரர் சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டிவிடலாம். 145 கிலோமீட்டர் இந்தப் பக்கம் இருப்பவருக்கு அது வாய்க்காது. 1946இல் தொடங்கிய நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இன்ஜினியரிங்கில் இறுதியாண்டு புராஜெக்ட் செய்கிற மாணவியும், ஹெப்பாள் தொழிற்பேட்டையிலுள்ள இன்ஃபோசிஸ் வளாகத்தில் பயிற்சியை முடித்துவிட்டு இரவில் தனியாக ஸ்மார்ட் காண்ட்ராக்ட் எழுதும் மொழியான சாலிடிட்டி படிக்கிற இளைஞரும், முகம் தெரியாத ஒருவரிடம் எழுத்தில்தான் கேட்டாக வேண்டும். ரூபாய் நோட்டை அச்சடிக்கும் ஆலையும், அந்த நோட்டுக்கான காகிதத்தைச் செய்யும் ஆலையும் இருக்கிற ஊரில் காகிதமே இல்லாத பணத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இவர்கள்!

எழுத்தில் வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: “சார், காண்ட்ராக்ட் வேலை செய்யவில்லை. நாளைக்கு ரிவ்யூ. அவசரம், யாராவது உதவுங்கள்.” கூடவே திரையைக் கைப்பேசியில் சாய்வாகப் பிடித்த ஒரு புகைப்படம். இதற்கு வரும் முதல் பதில், அது வந்தால், உலகெங்கும் ஒன்றுதான்: எந்த செயின், டிரான்ஸாக்‌ஷன் ஹேஷ் என்ன?

அந்த ஹேஷ் 64 இலக்கம் கொண்ட ஒரு சரம். ஈதர்ஸ்கேன் போன்ற தேடுதளத்தில் அதை ஒட்டினால் யார் அனுப்பியது, எந்த காண்ட்ராக்டின் எந்த ஃபங்ஷனை அழைத்தது, எவ்வளவு கேஸ் (பரிவர்த்தனையை ஓட்டக் கட்டணமாகச் செலவாகும் அளவு) ஒதுக்கியது, எவ்வளவு தின்றது, எந்த பிளாக்கில் ஏறியது, ஏன் ரிவர்ட் ஆனது, அதாவது ரத்தானது என்பதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒதுக்கிய கேஸ் முழுவதும் தீர்ந்துபோயிருந்தால் ஒரு நோய். பாதியில் ரிவர்ட் ஆகியிருந்தால் வேறு நோய். கேட்பவர் மூன்று பத்தி எழுதி விளக்க முடியாததை பெர்லினில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் பத்து விநாடியில் பார்த்துவிடுவார். ஹேஷே இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல். பரிவர்த்தனை சங்கிலிவரை போகவே இல்லை, வாலட்டோ நோடோ கேஸ் கணக்குப் போடும்போதே திருப்பி அனுப்பிவிட்டது என்று பொருள். “ஹேஷ் வரவில்லை, கேஸ் கணிக்கும்போதே இந்த எர்ரர் வருகிறது” என்று எழுதிவிட்டால் தேட வேண்டிய இடம் அங்கேயே பாதியாகக் குறைந்துவிடும்.

‘எந்த செயின்’ என்ற கேள்வியைப் புதியவர்கள் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். அதன் விலை என்ன என்பதை 2022 ஜூனில் எல்லோரும் பார்த்தார்கள். ஆப்டிமிஸம் அறக்கட்டளை விண்டர்மியூட் என்ற நிறுவனத்துக்கு 2 கோடி டோக்கன்களை அனுப்பியது. விண்டர்மியூட் கொடுத்த முகவரி சரியானதுதான், ஆனால் ஈத்தீரியம் முதன்மைச் சங்கிலியில். அதே முகவரியில் ஆப்டிமிஸம் சங்கிலியில் அவர்களுடைய கூட்டுக் கையொப்ப வாலட் நிறுவப்பட்டிருக்கவே இல்லை. அதைக் கவனித்த வேறொருவர் அந்த முகவரியில் வாலட்டைத் தானே நிறுவி டோக்கன்களைக் கைப்பற்றினார். பிறகு 1.7 கோடியைத் திருப்பிக் கொடுத்தது தனிக் கதை. ஒரே முகவரி இரண்டு சங்கிலிகளில் இரண்டு வெவ்வேறு ஆளுக்குச் சொந்தமாகலாம். இதைத் தொழில்முறை நிறுவனங்களே கோட்டைவிட்ட பிறகு, மாணவர் தன் கேள்வியில் செயினின் எண்ணைக் குறிப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஈத்தீரியம் என்றால் 1, பாலிகன் என்றால் 137, செபோலியா டெஸ்ட்நெட் என்றால் 11155111.

டெஸ்ட்நெட்டுகள் பிறந்து மடிகிறவை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பாலிகன் 2017இல் மும்பையில் மேட்டிக் என்ற பெயரில் தொடங்கியது. அதன் சோதனைச் சங்கிலிக்கும் மும்பை என்றே பெயர். இந்தியக் கல்லூரி புராஜெக்டுகளில் பாதி அதில்தான் ஓடியதோ என்று தோன்றும் அளவுக்கு யூடியூப் பாடங்கள் எல்லாம் அதை வைத்தே எடுக்கப்பட்டன. அந்த மும்பை, ஈத்தீரியத்தின் கோர்லி என்ற சோதனைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. கோர்லியை மூடும் வேளை வந்ததும் மும்பைக்கும் ஆதாரம் போயிற்று. 2024 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. செபோலியாவைப் பற்றிக்கொண்ட அமோய், 80002 என்ற எண்ணோடு அந்த இடத்துக்கு வந்தது. பாடத்தைப் பார்த்து வரிக்கு வரி தட்டச்சு செய்த மாணவர், “ஆர்பிசி இணைப்பு கிடைக்கவில்லை, என் இன்டர்நெட் பிரச்சினையா?” என்று கேட்பார். 80001 என்ற எண்ணை மட்டும் அவர் எழுதியிருந்தால் பதில் ஒற்றை வரியில் வந்துவிடும்.

செயினுக்கு அடுத்தது பதிப்பு எண். இதை ஒப்புக்குப் போடும் விவரம் என்று நினைப்பவர்கள் 2023 ஜூலை 30ஐ நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அன்றைக்கு கர்வ் என்ற பரிமாற்றத் தளத்தின் சில தொகுப்புகளிலிருந்து கோடிக்கணக்கான டாலர் களவுபோனது. தொகுப்புகளின் நிரலில் குற்றமில்லை. ஒரு ஃபங்ஷன் முடியுமுன் அதற்குள்ளேயே மீண்டும் நுழைவதைத் தடுக்கும் பூட்டு முறையாகவே எழுதப்பட்டிருந்தது. அதை இயந்திர மொழிக்கு மாற்றிய வைப்பர் கம்பைலரின் 0.2.15, 0.2.16, 0.3.0 ஆகிய மூன்று பதிப்புகளில்தான் அந்தப் பூட்டு சரியாக விழவில்லை. முந்தைய பதிப்புகளிலும் பிந்தைய பதிப்புகளிலும் சிக்கல் இல்லை. மூல நிரலை எத்தனை முறை படித்தாலும் கண்ணில் படாத பிழை, பதிப்பு எண்ணைப் பார்த்தவருக்கு மட்டும் புலப்பட்டது.

அன்றாடத்தில் இவ்வளவு பயங்கரம் இல்லை, எரிச்சல்தான் உண்டு. சாலிடிட்டி 0.8 பதிப்பு 2020 டிசம்பரில் வந்தபின் எண் வரம்பு மீறினால் பரிவர்த்தனை தானாக ரிவர்ட் ஆகும். அதற்கு முன்பு சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஓபன்செப்பெலின் நூலகத்தின் 5.0 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. அதில் ஓனபிள் காண்ட்ராக்டுக்கு முதல் உரிமையாளர் யார் என்பதை நிறுவும்போதே சொல்ல வேண்டும். பழைய பாடத்தை நம்பினால் கம்பைலே ஆகாது. ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் 2.0, 2020 ஜனவரியில் செயின்கோடை (ஃபேப்ரிக்கில் காண்ட்ராக்டுக்கு அதுதான் பெயர்) நிறுவும் முறையையே மாற்றிவிட்டது. இன்ஸ்டான்ஷியேட் என்ற கட்டளை போய், ஒவ்வொரு நிறுவனமும் ஒப்புதல் கொடுத்துப் பின் உறுதிசெய்யும் முறை வந்தது. பழைய ஃபர்ஸ்ட்-நெட்வொர்க் மாதிரியை வைத்துக்கொண்டு புதிய பதிப்போடு போராடுகிற கேள்விகள் அதன் பிறகும் வந்துகொண்டே இருந்தன.

ஃபேப்ரிக்கைப் பற்றித் தனியாக ஒரு சொல். கர்நாடகத்தில் வேலைக்குப் போகிறவர் பொதுச் சங்கிலியைவிட, அனுமதி பெற்றவர்கள் மட்டும் சேரும் சங்கிலியைச் சந்திக்கவே அதிக வாய்ப்பு. தேசியத் தகவலியல் மையத்தின் பிளாக்செயின் சிறப்பு மையம் 2020 ஜனவரியில் பெங்களூருவில் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, குடகிலும் சிக்கமகளூரிலும் விளையும் காபிக்காக காபி வாரியம் பிளாக்செயின் சந்தையைச் சோதனை முறையில் தொடங்கியது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு விஷ்வஸ்யா என்ற பெயரில் இதற்கான பொதுக் கட்டமைப்பை வெளியிட்டது. தமிழ்நாடு அரசும் நம்பிக்கை இணையம் என்று ஒன்றைக் கட்டியது. இந்த வகைச் சங்கிலிகளில் வெளியாள் எட்டிப் பார்க்க ஈதர்ஸ்கேன் கிடையாது. ஹேஷைக் கொடுத்து என்ன பயன்? இங்கே கேட்பவர்தான் ஜன்னலைத் திறந்துவிட வேண்டும்: பியரின் பதிவேடு, ஆர்டரரின் பதிவேடு, டாக்கரில் எந்தெந்தக் கன்டெய்னர் ஓடுகிறது என்ற பட்டியல், பிழை வந்த வரிக்கு மேலும் கீழும் சில வரிகள். அலுவலக வேலையென்றால் நிறுவனப் பெயரையும் சான்றிதழ்களையும் நீக்கிவிட்டு, அதே பிழை டெஸ்ட்-நெட்வொர்க் மாதிரியில் வருகிறதா என்று பார்த்துக் கேட்பது உத்தமம். வரவில்லை என்றால் பிரச்சினை ஃபேப்ரிக்கில் இல்லை, அலுவலகத்து அமைப்பில் இருக்கிறது. கேள்வி கேட்க வேண்டிய இடமே மாறிவிடுகிறது.

எதைக் கொடுப்பது என்பது இதுவரை. எதைக் கேட்பது என்பது இதைவிட வழுக்கலான இடம்.

கேள்விகளை வகைபிரிப்பதில் தமிழ் இலக்கணக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். கங்கர் மரபில் வந்த சீயகங்கன் கேட்டுக்கொண்டதால் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், வினாவை ஆறாகப் பிரிக்கிறது. (அந்தக் கங்கர்களின் பழைய தலைநகரான தலக்காடு மைசூரு மாவட்டத்தில்தான் மணலுக்குள் புதைந்து கிடக்கிறது.) தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா; தெரியாமல் கேட்பது அறியாவினா; இதுவா அதுவா என்று தடுமாறிக் கேட்பது ஐயவினா; கடைக்காரரிடம் அரிசி இருக்கிறதா என்று வாங்குவதற்காகக் கேட்பது கொளல்வினா; கொடுப்பதற்காகக் கேட்பது கொடைவினா; வேலை ஏவுவதற்காகக் கேட்பது ஏவல்வினா. பிளாக்செயின் குழுக்களில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் ஆறும் கண்ணில் படும். “யாரிடமாவது செபோலியா ஈதர் இருக்கிறதா?” என்பது சுத்தமான கொளல்வினா, அதற்கு ஃபாசெட் என்று தனியிடம் இருப்பதால் யாரும் பதில் சொல்வதில்லை. “இந்த டோக்கன் காண்ட்ராக்டை முடித்துத் தர முடியுமா?” என்பது கேள்வி வேடம் போட்ட ஏவல். அறியாவினாவில் தவறே இல்லை, ஆனால் அதற்கான விடை ஆவணங்களில் கிடைக்கும். ஐயவினாவுக்குத்தான் அனுபவசாலிகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ‘இது கேஸ் பற்றாக்குறையா, அனுமதிச் சிக்கலா?’ என்று கேட்கும் ஒருவர் பத்துக் காரணங்களில் எட்டைத் தானே கழித்துவிட்டு வந்திருக்கிறார். அந்த எட்டையும் எப்படிக் கழித்தார் என்று சொன்னால் பதில் சொல்பவருக்கு வேலை மிச்சம்.

கேட்கிற விஷயமே தவறாக இருப்பது இன்னொரு வகை. சாலிடிட்டியில் ரேண்டம் எண் எடுப்பது எப்படி என்று புதியவர்கள் ஓயாமல் கேட்கிறார்கள். பிளாக்ஹேஷை வைத்து எடுக்கலாம் என்று அரைகுறை விடையும் கிடைத்துவிடும். கேட்டவர் லாட்டரி செய்யப் போகிறார் என்பதை அவரும் சொல்லவில்லை, பதில் தந்தவரும் கேட்கவில்லை. 2017இல் ஸ்மார்ட்பில்லியன்ஸ் என்ற லாட்டரி, தன்னை யாராலும் உடைக்க முடியாது என்று சவால் விட்டுப் பொதுச் சோதனைக்கு வந்தது. அன்றைய ஈத்தீரியத்தில் கடைசி 256 பிளாக்குகளின் ஹேஷ் மட்டுமே காண்ட்ராக்டுக்குக் கிடைக்கும். அதற்கு முந்தையதைக் கேட்டால் பூஜ்யம் வரும். ஒருவர் சீட்டை எடுத்துவிட்டு 256 பிளாக் கடக்கும்வரை காத்திருந்தார். பரிசு எண் என்னவாக இருக்கும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. 400 ஈதரை எடுத்துக்கொண்டு போனார். “இரண்டு பேர் பந்தயம் கட்டுகிறார்கள், பிளாக்கை முன்மொழிபவர் ஏமாற்றக் கூடாது, ஒரு நிமிடத் தாமதம் பரவாயில்லை, இதற்கு எண் எங்கிருந்து எடுப்பது?” என்று கேட்டால் வரும் விடை முற்றிலும் வேறு. நோக்கத்தை எழுத இரண்டு வரி போதும். புதியவர்கள் பெரும்பாலும் அதை மறைப்பதற்குக் காரணம் தங்கள் யோசனையை யாராவது திருடிவிடுவார்கள் என்ற பயம். திருடும் அளவுக்கு அதில் ஒன்றுமிருப்பதில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

நோக்கத்தைச் சொல்லாததன் மறுபக்கம், விளைவைச் சொல்லாதது. இதற்கு பாரிட்டி வாலட்டைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. 2017 ஜூலையில் ஒரு களவுக்குப் பிறகு பாரிட்டி நிறுவனம் தன் கூட்டுக் கையொப்ப வாலட்டின் பொது நூலகத்தைத் திருத்தி மறுபடி நிறுவியது. அந்த நூலகமே ஒரு காண்ட்ராக்ட். அதற்கு உரிமையாளர் யாரும் நியமிக்கப்படவில்லை. ஆகஸ்டிலேயே கிட்ஹப்பில் ஒருவர், நிறுவும்போதே உரிமையாளரை நியமிக்கும் தொடக்க ஃபங்ஷனை அழைத்துவிடலாமே என்று பரிந்துரைத்தார். நிறுவனம் பின்னர் வெளியிட்ட அறிக்கையே ஒப்புக்கொண்டபடி, அது வசதிக்கான மேம்பாடு என்று தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. அடுத்து எப்போதாவது வரும் பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கப்பட்டது. நவம்பர் 6ஆம் தேதி டெவ்ஆப்ஸ்199 என்ற புனைபெயர்க்காரர் அந்த ஃபங்ஷனை அழைத்தார், நூலகத்தின் உரிமையாளரானார், பிறகு அதை அழிக்கும் ஃபங்ஷனையும் அழைத்தார். அதை நம்பியிருந்த 587 வாலட்டுகளில் 5,13,774 ஈதர் உறைந்துபோனது. அதன் பிறகு அவர் கிட்ஹப்பில் 6995ஆம் எண்ணில் ஒரு புகாரைத் திறந்து, தெரியாமல் அழித்துவிட்டதாக எழுதினார். அழிந்த காண்ட்ராக்டின் முகவரியையும் கொடுத்திருந்தார். வடிவத்தில் குறை சொல்ல முடியாத புகார்.

ஆகஸ்டில் வந்த பரிந்துரையில், ‘இதைச் செய்யாவிட்டால் வழிப்போக்கர் எவரும் உரிமையாளராகி நூலகத்தையே அழிக்கலாம்’ என்ற ஒரு வாக்கியம் முதல் வரியாக நின்றிருந்தால் கதை மாறியிருக்கக்கூடும். அனுபவசாலிகள் ஒரு நாளைக்கு நூறு செய்தி பார்க்கிறார்கள். வசதிக்கானது எது, ஆபத்தானது எது என்று தரம்பிரிக்க அவர்களுக்கு முதல் வரிதான் துணை.

ஆனால் அந்த வாக்கியத்தை எங்கே எழுதுவது? எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதினால் திருடனும் படிப்பான். பொதுவில் காட்டு என்று இவ்வளவு நேரம் சொல்லிவந்த அறிவுரை தலைகீழாகத் திரும்பும் இடம் இதுதான். 2021 டிசம்பர் 3ஆம் தேதி லியோன் ஸ்பேஸ்வாக்கர் என்ற புனைபெயர் கொண்ட ஆய்வாளர், பாலிகனின் சொந்த டோக்கன் காண்ட்ராக்டில் ஒரு ஓட்டையைக் கண்டார். கையொப்பம் செல்லாததாக இருந்தாலும் அதை நிராகரிக்காமல், அனுப்புபவரிடம் இருப்பு உண்டா என்றும் பாராமல், காண்ட்ராக்ட் தன் கையிருப்பிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்துவிடும். மொத்தம் 1,000 கோடி மேட்டிக்கில் ஏறத்தாழ 927 கோடி அந்த ஓட்டைக்கு எதிரே திறந்து கிடந்தது. அவர் கூட்டத்தில் கேட்கவில்லை. இம்யூன்ஃபை என்ற சன்மானத் தளம் வழியாக ரகசியமாகத் தெரிவித்தார். டிசம்பர் 5ஆம் தேதி 22156660ஆம் பிளாக்கில் சங்கிலி திருத்தப்பட்டது. அந்த இடைவெளியில் வேறொருவர் 8,01,601 மேட்டிக்கை எடுத்துவிட்டார். இரண்டு நாள் ரகசியத்திலேயே இவ்வளவு என்றால் பகிரங்கமாகக் கேட்டிருந்தால் என்னாகியிருக்கும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை. அவருக்கு 22 லட்சம் டாலர் சன்மானம் கிடைத்தது. ஆகவே ‘அடுத்தவர் பணத்தை இப்படி எடுக்க முடிகிறதே, ஏன்?’ என்று தோன்றிய கணத்தில் தட்டச்சை நிறுத்திவிட்டு, அந்தத் திட்டத்தின் பாதுகாப்புத் தொடர்பு முகவரியையோ சன்மானத் தளத்தையோ தேட வேண்டும்.

காட்டக் கூடாத மற்றொன்று பிரைவேட் கீ. இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் கேள்வியோடு கான்ஃபிக் கோப்பை முழுசாக ஒட்டும்போது கீயும் சேர்ந்து போய்விடுகிறது. பொதுவில் விழும் கீக்களை மேய்வதற்கென்றே தானியங்கி நிரல்கள் உண்டு. பிறகு அழித்தாலும் கிட்ஹப்பின் வரலாற்றில் அது தங்கிவிடும். ஹார்டுஹாட் கருவி தொடக்கத்தில் காட்டும் 20 கணக்குகளின் கீக்கள் உலகறிந்தவை. அவற்றைக் கேள்வியில் தாராளமாக ஒட்டலாம், ஆனால் நிஜப் பணத்தை அந்த முகவரிக்கு அனுப்பினால் அடுத்த கணமே காணாமல் போகும். கேள்வி போட்ட சில நிமிடத்துக்குள் “சப்போர்ட் டீம்” என்ற பெயரில் தனிச்செய்தி வரும். 12 அல்லது 24 சொற்களைக் கேட்கும், அல்லது ஒரு பக்கத்தில் வாலட்டை இணைக்கச் சொல்லும். உதவுகிறவர் எவருக்கும் அந்தச் சொற்கள் தேவைப்படுவதே இல்லை. பொதுவில் வைத்த கேள்விக்கு ரகசியமாகப் பதில் தர ஆசைப்படுகிறவரைச் சந்தேகிப்பது மரியாதைக்குறைவு ஆகாது.

இனி, முன்பு சொன்ன இறுதியாண்டு மாணவியின் கேள்விக்கு வருவோம். கல்லூரிச் சான்றிதழ்களை டோக்கனாக வழங்கும் புராஜெக்ட் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் எத்தனை கல்லூரிகளில் எத்தனை பேர் இதையே செய்கிறார்களோ! ‘காண்ட்ராக்ட் வேலை செய்யவில்லை’ என்பதை அவர் இப்படித் திருத்தி எழுதுகிறார்:

“அமோய் டெஸ்ட்நெட், செயின் எண் 80002. சாலிடிட்டி 0.8.20, ஓபன்செப்பெலின் 5.0. ஒவ்வொரு துறைக்கும் ஒரு சான்றிதழ் காண்ட்ராக்டை ஒரு ஃபேக்டரி காண்ட்ராக்ட் வழியாக டெப்ளாய் செய்கிறேன். டெப்ளாய் ஆகிறது. பிறகு என் வாலட்டிலிருந்து மின்ட் ஃபங்ஷனை அழைத்தால் ரிவர்ட், ஹேஷ் இதோ. எர்ரர், உரிமையற்ற கணக்கு என்கிறது. உரிமையாளர் என் முகவரியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஓனர் ஃபங்ஷனை அழைத்துப் பார்த்தால் வேறு முகவரி வருகிறது. கன்ஸ்ட்ரக்டரில் எம்எஸ்ஜி சென்டரைக் கொடுத்தது காரணமா?”

இந்தக் கேள்வியை அனுப்பவே தேவையிருக்காது. எந்த முகவரி வருகிறது என்று பார்த்து எழுதப் போனவுடன் அது ஃபேக்டரியின் முகவரி என்பது தெரிந்துவிடும். காண்ட்ராக்டை உருவாக்கியது வாலட் அல்ல, ஃபேக்டரி. ஆகையால் எம்எஸ்ஜி சென்டர் என்றால் ஃபேக்டரிதான். உரிமையாளர் முகவரியைத் தனி அளவுருவாக அனுப்பினால் தீர்ந்தது. அப்படியும் தீராவிட்டால், 400 வரி நிரலை ஒட்டாமல் ஃபேக்டரியும் ஒரு சிறிய ஓனபிள் காண்ட்ராக்டும் மட்டும் கொண்ட முப்பது வரியை ரீமிக்ஸ் என்ற கருவியில் ஓட்டி, பிழை அதிலும் வருகிறதா என்று பார்த்து, அதை எழுத்தாகவே ஒட்ட வேண்டும். புகைப்படத்திலிருந்து யாரும் தட்டச்சு செய்து பார்க்க மாட்டார்கள். பிழைச் செய்தி படமாக இருந்தால் நாளைக்கு அதே பிழை வந்தவர் தேடினாலும் கிடைக்காது.

சாட்ஜிபிடி வகையறாக்களிடம் முதலில் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. பழைய பதிப்பின் ஃபங்ஷனையும் இல்லவே இல்லாத ஃபங்ஷனையும் அவை தயங்காமல் எழுதிக் கொடுக்கும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். இதற்குப் பயந்தே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரில் அத்தகைய விடைகளைத் தடைசெய்தது. கருவி கொடுத்த நிரல் என்றால் கேள்வியில் அதைச் சொல்லிவிட வேண்டும். இந்த வரியை ஏன் இப்படி எழுதினார் என்று மெனக்கெட்டு யோசிப்பதிலிருந்து பதில் சொல்பவர் தப்பிப்பார்.

ஆங்கிலம் தடையா? ஓரளவுக்குத்தான். ஹேஷுக்கும் பதிப்பு எண்ணுக்கும் பிழைச் செய்திக்கும் இலக்கணம் கிடையாது. கேள்வியின் முக்கால் பங்கு அவைதான் என்றாகிவிட்டால் மீதி நாலு வாக்கியத்தில் காலமயக்கம் இருந்தாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை. சாரும் மேடமும் வேண்டாம். எதிரே இருப்பவர் பத்தொன்பது வயதுப் பையனாகவும் இருக்கலாம். ‘அவசரம்’ என்ற சொல்லுக்குப் பலன் பூஜ்யம். ஒரு சந்தேகம் கேட்கலாமா என்று அனுமதி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் அப்படியே, நேராகக் கேட்டுவிடலாம்.

எங்கே, எப்போது என்பதில் சின்னக் கணக்கு உண்டு. எப்படிச் செய்வது என்ற கேள்விக்கு 2016இல் தொடங்கிய ஈத்தீரியம் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச். பிட்காயினுக்கு 2011 முதலே தனியாக ஒன்று உண்டு. கருவியிலேயே பிழை என்று நிரூபிக்க முடிந்தால் அதன் கிட்ஹப் பக்கம். நெறிமுறையை மாற்றும் யோசனைக்கு ஈத்தீரியம் மெஜீஷியன்ஸ் மன்றம். ஒரே கேள்வியை நாலு இடத்தில் ஒரே நேரத்தில் போட்டால் நாலு பேர் ஒரே வேலையைச் செய்து முடித்துவிட்டு, அடுத்த முறை அந்தப் பெயரைக் கண்டதும் நகர்ந்துவிடுவார்கள். மைசூருவில் இரவு ஒன்பது மணி என்றால் பெர்லினில் மாலை நாலரை அல்லது ஐந்தரை; நியூயார்க்கில் முற்பகல். இரண்டு கரையிலும் ஆட்கள் விழித்திருக்கும் பொழுது அது. நேரத்தைக் குறிப்பிடும்போது இந்திய நேரம் என்று எழுதாமல் பிளாக் எண்ணை எழுதினால் ஐந்தரை மணி நேரக் கூட்டல் கழித்தல் யாருக்கும் மிஞ்சாது. விடை கிடைத்ததும், எந்த மாற்றம் பலித்தது என்று ஒரு வரி எழுதி ஏற்றுக்கொண்டதற்கான குறியைப் போட்டுவிட்டு மூட வேண்டும். தானே கண்டுபிடித்திருந்தால் அந்த விடையையும் அதே கேள்விக்குக் கீழே தானே எழுதலாம். ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் அதற்கென்று தனிப் பொத்தானே வைத்திருக்கிறார்கள்.